எங்கள் சிரக்யூஸ் பெண்

எங்கள் வீட்டில் என்னைப் பாட்டுக்கு அனுப்பியது ஒரே காரணத்துக்காகத்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் "ஒரு பாட்டு பாடச் சொல்லுங்களேன்" என்று கேட்டால் நான் விழிக்கக் கூடாது. பாளையங்கோட்டையில் அப்போது மாநிறத்துக்கும் ஒரு படி கீழே இருந்த பெண்ணுக்குப் பாட்டு என்பது நகைக்கு அடுத்தபடியான சீர். நடந்து வர வேண்டும், நமஸ்காரம் பண்ண வேண்டும், கேட்ட கேள்விக்கு அடக்கமாகப் பதில் சொல்ல வேண்டும், பாட வேண்டும். பிறகு அவர்கள் ஊருக்குப் போய்க் கடிதம் போடுவார்கள். கல்யாணம் முடிந்த பிறகு என்னை யாரும் பாடச் சொன்னதில்லை.

அந்தக் கல்யாணம்தான் என்னை 1983இல் சிரக்யூஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நியூயார்க் என்றதும் ஊரில் எல்லோரும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொண்டார்கள். சிரக்யூஸ் இருப்பது அதே மாநிலத்தின் வடக்கே, காரில் போனால் அரைநாள் தூரம். ஒண்டாரியோ ஏரியிலிருந்து வருகிற காற்று அப்படியே பனியாகக் கொட்டுகிற ஊர். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில் காசு போட்டுத் துணி துவைக்கும் எந்திரங்கள் இருந்தன. அங்கேதான் மேல்மாடிக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் பழக்கமானார். ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்தார். என் அம்மா வயது இருக்கும். நான் பேசுகிற இங்கிலீஷ் அவருக்குப் புரிய ஒரு மாதம் ஆனது, அவர் பேசுவது எனக்குப் புரிய அதைவிட அதிகம்.

அந்தச் செப்டம்பர் 17, சனிக்கிழமை இரவு, அவர் என்னைத் தன் வீட்டுக்கு டி.வி. பார்க்கக் கூப்பிட்டார். அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டி. நியூயார்க் மாநிலத்தின் சார்பில் போட்டியிட்டவர் எங்கள் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இசைநாடகம் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவி. முதலில் மிஸ் சிரக்யூஸ், அப்புறம் மிஸ் நியூயார்க், இப்போது இது. பெயர் வனெஸா வில்லியம்ஸ். கறுப்பினப் பெண்.

"ஜெயிக்க விடமாட்டாங்க. ஆனா நான் பாக்கணும்" என்றார் அந்த அம்மா.

எனக்கு முதலில் அந்தப் போட்டியே பிடிக்கவில்லை. நடக்கச் சொல்கிறார்கள், சிரிக்கச் சொல்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், பாடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு முன்கூடத்தைப் பெரிதாக்கி, விளக்குப் போட்டு, குளியலுடையையும் சேர்த்தால் அதுதான் இது என்று பட்டது. அப்புறம் அந்தப் பெண் பாடினார். முகத்தைப் பார்த்து மார்க் போடுகிறவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர்கள் இருப்பதையே மறந்தவர் மாதிரிப் பாடினார். மூச்சை எங்கே எடுக்கிறார் என்று நான் தேடினேன், தெரியவே இல்லை. அப்பா அம்மா இரண்டு பேருமே இசை ஆசிரியர்கள் என்பதும், சின்ன வயதிலேயே பியானோவும் பிரெஞ்சு ஹார்னும் கற்றவர் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆனால் அது வளர்த்தெடுத்த குரல் என்பதை அன்றைக்கே என் காது சொல்லிவிட்டது.

மகுடம் அவருக்கே. இரண்டாவது இடமும் இன்னொரு கறுப்பினப் பெண்ணுக்கு, நியூ ஜெர்ஸியின் சூசெட் சார்ல்ஸ். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து நின்று அழுதார். எனக்கு அதன் கனம் அன்று முழுதாகப் புரியவில்லை. அவர்தான் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். 1921இல் அட்லாண்டிக் சிட்டி வியாபாரிகள், கோடை விடுமுறை முடிந்தபின்னும் ஊரில் கூட்டம் நிற்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய போட்டி அது. போட்டியாளர்கள் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்று 1930களில் விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். விதி போன பிறகும் கதவு திறக்கவில்லை. 1970இல்தான் அயோவா மாநிலத்தின் செரில் பிரவுன் என்ற கறுப்பினப் பெண் முதன்முதலாக அந்த மேடையில் ஏறினார். முதல் அடிக்கும் முதல் மகுடத்துக்கும் நடுவே பதின்மூன்று வருடம்.

நான் அம்மாவுக்கு ஏரோகிராமில் இதையெல்லாம் எழுதினேன். "கறுப்புப் பெண்ணையா அழகி என்று சொல்லுகிறார்கள்? அந்த ஊரில் பிறந்திருக்கலாமே நீ" என்று பதில் வந்தது. அம்மா விளையாட்டுக்கு எழுதவில்லை. எனக்காக வந்துபோன மாப்பிள்ளை வீடுகளை நினைத்து மனம் வெந்து எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது மேல்மாடி அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், வனெஸாவின் வீட்டுக்குக் கொலைமிரட்டல் கடிதங்கள் வருவதைச் சொன்னார். வெள்ளைக்காரர்களில் ஒரு கூட்டம் அப்படி எழுதுகிறது. தன் இனத்திலேயே சிலர், "பச்சைக் கண்ணும் வெளுத்த தோலுமாக இருக்கிறாளே, இவள் எப்படி நம் பெண்" என்று கேட்கிறார்கள். ஒரே பெண் ஒரு சாராருக்கு அதிகக் கறுப்பு, இன்னொரு சாராருக்குப் போதாத கறுப்பு. நிறத்தை அளக்க உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்குத் திருப்தியே வராது போலிருக்கிறது.

அந்தப் பத்து மாதம் சிரக்யூஸில் அவர் பெயரை எல்லோரும் சொந்தத்தோடு சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர்கூட "எங்க பொண்ணு" என்பார்.

1984 ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. பென்ட்ஹவுஸ் என்ற ஆண்கள் பத்திரிகை வனெஸாவின் நிர்வாணப் படங்களை வெளியிடப் போகிறது. பத்தொன்பது வயதில், படிப்பு விடுமுறையில், ஒரு புகைப்படக்காரரிடம் வரவேற்பாளராகவும் ஒப்பனை உதவியாளராகவும் வேலை பார்த்தபோது எடுத்தவை. முகம் அடையாளம் தெரியாது, வெளியே போகாது என்று சொல்லித்தான் எடுத்தார்கள் என்றும், வெளியிட அனுமதிக் கையெழுத்து தான் போடவே இல்லை என்றும் அவர் சொன்னார். அந்தப் படங்கள் முதலில் பிளேபாயின் ஹியூ ஹெஃப்னரிடம் போயிருக்கின்றன. அவர் வேண்டாம் என்றுவிட்டார். பென்ட்ஹவுஸின் பாப் குச்சியோனி வாங்கிக்கொண்டார். மகுடம் கொடுத்த அமைப்பு, விலகிக்கொள்ள 72 மணி நேரம் தந்தது. ஜூலை 23ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து அவர் விலகுவதாக அறிவித்தார். மீதியிருந்த ஏழு வாரத்துக்கு சூசெட் சார்ல்ஸ் மிஸ் அமெரிக்கா ஆனார். அந்தப் பத்திரிகையின் அந்த இதழ் விற்ற விற்பனை அதுவரை அது கண்டிராதது. வனெஸா வழக்குப் போட்டார். பிறகு அதைத் தொடரவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அந்த வார இறுதியில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு போயிருந்தோம். ஆண்கள் பக்கம் சிரிப்பு. பெண்கள் பக்கம், மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "படிக்கப் போன புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை? பெத்தவங்க எப்படி வெளிய தலை காட்டுவாங்க?" என்றார்.

"அத்தை, எடுத்தவன் ஒருத்தன், வித்தவன் ஒருத்தன், வாங்கினவன் ஒருத்தன், அச்சடிச்சவன் ஒருத்தன். அவங்களைப் பெத்தவங்க தலை காட்டலையா?" என்று கேட்டேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் போகும்போது என் கையைப் பிடித்து, "நீ கேட்டது நியாயம்தான் தாயி" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை இன்றும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். இதையேதான் மேல்மாடி அம்மாவும் தன் பாஷையில் சொன்னார். அவர் சொன்னதில் இன்னொன்று கூடுதல்: "முதல் ஆளா உள்ள போறவ ஒரு சின்னத் தப்புக்கூடப் பண்ணக் கூடாது. அது வேற யாருக்கும் போடாத விலை."

வனெஸாவின் கதை இத்துடன் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். படிப்பைப் பாதியில் விட்டிருந்தார். பிராட்வே கதவுகள் சாத்தியிருந்தன. தொலைக்காட்சியில் ஓரிரு சிறு வேடங்கள் கிடைத்தன. விலகல் நேரத்தில் பத்திரிகைகளைச் சமாளிக்க அமர்த்திய ரமோன் ஹெர்வியையே 1987இல் கல்யாணம் செய்துகொண்டார். 1988இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது. நாங்கள் அதற்குள் நியூ ஜெர்ஸிக்குக் குடிவந்துவிட்டோம்.

1992இல், மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரும் வழியில், கார் ரேடியோவில் ஒரு பாட்டு. பெயர் சொல்லும் முன்பே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. அவசரமே இல்லாத அதே மூச்சு. 'சேவ் த பெஸ்ட் ஃபார் லாஸ்ட்' என்ற அந்தப் பாட்டு ஐந்து வாரம் அமெரிக்கப் பாடல் பட்டியலின் உச்சியில் இருந்தது. மூன்று வருடம் கழித்து டிஸ்னியின் 'போகஹான்டஸ்' படத்தின் முடிவில் அவர் பாடிய பாட்டுக்கு, அதை ஆக்கியவர்கள் ஆஸ்கார் வாங்கினார்கள். 1994இல் பிராட்வேயில் 'கிஸ் ஆஃப் த ஸ்பைடர் வுமன்' நாடகத்தில் சிட்டா ரிவேரா ஏற்ற வேடத்தை அவருக்கு அடுத்து இவர் ஏற்றார். மேதை ஒருவர் நின்ற இடத்தில் போய் நிற்பது சாதாரணக் காரியமில்லை. அர்னால்டு ஷ்வார்ஸ்நெகரோடு நடித்த 'இரேசர்' படத்தை எங்கள் வீட்டில் என் கணவர்தான் ரசித்தார். நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

எனக்கு அவருடைய நடிப்பின் மேல் முழு மரியாதை வந்தது தொலைக்காட்சியில்தான். கொலம்பியாவில் எடுத்த ஒரு தொடர், அழகில்லாத பெண் ஒருத்தி அழகே தொழிலான அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் கதை, நாடு நாடாகப் போய் ஒவ்வொரு மொழியிலும் மறுபிறவி எடுத்தது. மும்பையிலிருந்த என் தங்கை 2003 முதல் அதை 'ஜஸ்ஸி ஜைசி கோயி நஹீன்' என்று இந்தியில் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் செய்தால் பாதி நேரம் ஜஸ்ஸி புராணம்தான். 2006இல் அது அமெரிக்காவில் 'அக்லி பெட்டி' ஆனது. தயாரித்தவர்களில் நடிகை சல்மா ஹாயெக்கும் ஒருவர். பெட்டியாக அமெரிக்கா ஃபெரேரா. பெட்டி வேலை பார்க்கும் ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலிக்காக எதையும் செய்யத் துணிந்த வில்ஹெல்மினா ஸ்லேட்டராக வனெஸா வில்லியம்ஸ்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்துமூன்று. நம் பக்கத்து நடிகைகளுக்கு அந்த வயதில் கதாநாயகனின் அம்மா வேடம் வந்திருக்கும். அவருக்குக் கிடைத்தது அந்தத் தொடரின் மிகப் பலமான வேடம். வில்ஹெல்மினா குரலை உயர்த்த மாட்டாள். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். பாட்டுக்காரர்களுக்குத்தான் அது கைவரும். கீழ் ஸ்தாயியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும் என்றால் மூச்சு வசப்பட்டிருக்க வேண்டும். அழகிப் போட்டியில் பழகிய நடை இருக்கிறதே, அதை இங்கே மிரட்டலுக்குப் பயன்படுத்தினார். வாசலில் அவள் நிழல் தெரிந்தால் அலுவலகமே நிமிரும். உதவியாளன் மார்க்காக வந்த மைக்கேல் யூரியோடு அவர் நடித்த நகைச்சுவைக் காட்சிகளை என் மகளும் நானும் சோபாவில் உருண்டு சிரித்துப் பார்த்திருக்கிறோம். ஆனால் வயது ஏறுவதை எண்ணி நடுங்குகிற, அழகு போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று தெரியாத ஒரு பெண்ணை, ஒரு நொடி மட்டும் கண்ணில் காட்டிவிட்டு மூடிக்கொள்வார் பாருங்கள், அங்கே சிரிப்பு நின்றுவிடும். அழகுக்கு மகுடம் வாங்கி, அதைத் திருப்பிக் கேட்கும் அவமானத்தையும் பார்த்தவரைத் தவிர வேறு யாரால் அதை அப்படிச் செய்திருக்க முடியும் என்று நினைத்துக்கொள்வேன். 2007, 2008, 2009 மூன்று வருடமும் எம்மி விருதுக்குப் பரிந்துரை. மூன்று வருடமும் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அந்தத் தொடர் 2010இல் முடிந்ததும் 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' அவரை அழைத்துக்கொண்டது. அதில் ரெனே பெர்ரியாக இரண்டு வருடம். அடுத்து '666 பார்க் அவென்யூ'. இந்த இரண்டையும் அவருக்காகவே பார்த்தேன். வில்ஹெல்மினாவுக்குக் கிடைத்த எழுத்து இவற்றில் அவருக்குக் கிடைக்கவில்லை.

நடுவே நடந்த ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. பாதியில் விட்ட பட்டத்தை 2008இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாங்கினார். அவர் மேடையிலும் திரையிலும் செய்த வேலையையே மீதிப் பாடங்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று மேல்மாடி அம்மாவுக்கு போன் செய்தேன். வயதாகிவிட்டிருந்தது, காது சரியாகக் கேட்கவில்லை. மூன்று முறை கத்திச் சொன்ன பிறகு, "அவ அம்மா டீச்சராச்சே, விடுவாளா?" என்றார்.

அந்த டீச்சர் அம்மாவும் மகள் வனெஸாவும் சேர்ந்து 2012இல் தங்கள் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்கள். மகள் பிறந்தபோது அனுப்பிய அறிவிப்பு அட்டையிலேயே, இதோ மிஸ் அமெரிக்கா என்று பெற்றோர் ஆசையாக அச்சடித்திருந்தார்கள் என்பது அவர்கள் குடும்பக் கதை. அதே புத்தகத்தில்தான், பத்து வயதில் ஒரு விடுமுறைப் பயணத்தின்போது மூத்த பெண் ஒருத்தி தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதையும் வனெஸா எழுதினார். யாரிடமும் சொல்லத் தெரியாமல் வைத்திருந்த பாரம். 1984இல் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாருக்கும் அந்தக் குழந்தையைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரிப்பை நிறுத்தியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

2013 செப்டம்பரில் இன்னொரு மிஸ் நியூயார்க் மிஸ் அமெரிக்கா ஆனார். நீனா தாவுலூரி, தெலுங்குப் பெற்றோருக்குப் பிறந்த பெண், பிறந்த ஊர் எங்கள் சிரக்யூஸ். பாலிவுட் பாணியில் நடனமாடி ஜெயித்தார். அன்றிரவே டுவிட்டரில் அவரை அராபியர் என்றும் பயங்கரவாதி என்றும் வசைபாடினார்கள். எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் கோபம். ஆனால் ஒரு வாரம் போகவில்லை, அதே வட்டத்தில் ஓர் அம்மாள் சொன்னார்: "நல்ல பொண்ணுதான். ஆனா இந்தக் கலருக்கு இந்தியாவுல ஜெயிச்சிருக்க முடியாது." அவர் சொன்னது உண்மை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரன் நம் தோலைப் பார்த்துப் பேசினால் வழக்குப் போடுகிறோம். வரன் பார்க்கும் விளம்பரத்தில் நாமே 'சிவந்த நிறம்' என்று போடுகிறோம். என் மகளுக்கு வரன் பார்த்தபோது, நிறம் கேட்ட வீட்டுக்கு நான் ஜாதகம் அனுப்பவில்லை.

2015 செப்டம்பரில் வனெஸா அதே அட்லாண்டிக் சிட்டி மேடைக்குத் திரும்பப் போனார், நடுவர் குழுவின் தலைவராக. ஒரு பாட்டும் பாடினார். பாடி முடித்ததும் அந்த அமைப்பின் தலைவர் சாம் ஹாஸ்கெல் மேடைக்கு வந்து, நடந்தவற்றுக்காக அவரிடமும், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவர் தாய் ஹெலனிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். முப்பத்தொரு வருடம் கழித்து! தாயிடமும் கேட்டார்களே, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். மிரட்டல் கடிதங்கள் வந்து விழுந்தது அந்தத் தாயின் வீட்டில்.

இரண்டு வருடத்தில் அந்த மன்னிப்பின் மேலும் மண் விழுந்தது. பழைய அழகிகளைப் பற்றி அமைப்பின் உள்ளே எழுதிக்கொண்ட கேவலமான மின்னஞ்சல்கள் 2017 டிசம்பரில் வெளியாக, ஹாஸ்கெல்லே பதவி விலக வேண்டியதாயிற்று. பொறுப்பு முன்னாள் அழகிகளின் கைக்கு வந்தது; 2018இல் குளியலுடைச் சுற்றை எடுத்துவிட்டார்கள். படங்களை விற்றவரும் வாங்கி அச்சடித்தவரும் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை எந்த மேடையிலும் நான் பார்க்கவில்லை.

வனெஸா இதற்கெல்லாம் காத்துக்கொண்டிருக்கவில்லை. 2024 கடைசியில் லண்டன் டொமினியன் அரங்கில் 'த டெவில் வேர்ஸ் பிராடா' இசைநாடகம், எல்டன் ஜானின் இசையில். ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர் மிராண்டா பிரீஸ்ட்லியாக அறுபத்தொரு வயது வனெஸா. லண்டனில் இருக்கும் மகள் டிக்கெட் வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். முழங்கால் வலியோடு படியேறி உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் மகள் மிராண்டாதான் அவருடைய உச்சம் என்றாள். நான் வில்ஹெல்மினா பக்கம். பாதாள ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.